நெல்மணி அளவில் ஒரு நத்தை

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பத்திரிகைகளில் ஒரு சிறு செய்தி வெளியாயிற்று. மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த திகா கடற்கரையிலும், அதை அடுத்து ஒடிசாவின் எல்லையில் உள்ள உதய்பூர் கடற்கரையிலும் கிடைத்த ஒரு சிறு பிராணி, அதுவரை உலகத்தார் எவரும் குறித்து வைக்காத புது இனம் என்று நமது விலங்கியல் ஆய்வுத் துறையினர் கண்டறிந்தார்கள். அதற்கு ‘மெலனோக்லாமிஸ் திரௌபதி’ என்று பெயரும் சூட்டினார்கள். 2022-இல் ராஷ்டிரபதியாகப் பதவியேற்ற ஸ்ரீமதி திரௌபதி முர்மு ஒடிசா மாநிலத்தவர். அவரைக் கௌரவிக்கும் பொருட்டு இட்ட பெயர் அது. பிராணியின் நீளமோ, அதிகமாய்ப் போனால் 7 மில்லிமீட்டர். அதாவது ஒரு நெல்மணியின் அளவு.

அந்த நெல்மணி ஜீவன் கடல் நத்தைகளில் ஒரு வகை. ஆனால் முதுகில் ஓடு சுமக்காத வகை. செய்தியை மேலெழுந்தவாரியாகப் படிப்பவர்களுக்கு நகைக்கத் தோன்றலாம். “ராஷ்டிரபதியின் பெயரை வைக்க ஒரு நத்தைதானா அகப்பட்டது?” என்று கேட்கலாம். “நெல்மணி அளவுள்ள பூச்சியைப் பார்த்துப் பெயர் வைப்பதற்குச் சர்க்கார் பணம் செலவழிக்க வேண்டுமா?” என்று அதற்கு மேலும் ஒரு படி போய்க் கேட்பவர்களும் இருக்கலாம். முதற் கேள்விக்கு விடை எளிது. அணைக்கட்டும் பாலமும் ஒரு நாள் இடிந்து போகும். தெருவின் பெயரை அடுத்து வரும் நகர சபையார் மாற்றி விடுவார்கள். ஆனால் முறைப்படி இடப்பட்ட ஓர் உயிரினத்தின் பெயரை நினைத்தபோது மாற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே விஞ்ஞானிகள் ஒருவருக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதுவே நெடுங்காலம் நிற்பது. இரண்டாவது கேள்விக்கு விடை சற்று நீளமானது. இந்தக் கட்டுரை முழுவதுமே அதற்காகத்தான்.

அட்டையா, நத்தையா?

முதலில் சொல்லைச் சரி செய்து கொள்வோம். தமிழில் ‘கடலட்டை’ என்று ஒரு சொல் உண்டு. இராமநாதபுரம் கரையோரத்து மீனவர்கள் வெகு காலமாக அந்தப் பெயரால் அழைப்பது வேறொரு பிராணியை. வெள்ளரிக்காய் போல் உருண்டு, கடலடி மணலில் கிடக்கும் அந்த ஜந்து நட்சத்திர மீனுக்குத்தான் உறவு. நத்தைக்கு உறவே இல்லை. அதைப் பிடித்து, வேகவைத்து, உலர்த்திச் சீனம் முதலிய தேசங்களுக்கு அனுப்புவது முன்னாளில் பெரிய வியாபாரமாக இருந்தது. 2001-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் கடலட்டை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அது முதல் அவற்றைப் பிடிப்பது குற்றமாயிற்று. ஆகையால், நாம் பேச வந்த பிராணியையும் ‘கடலட்டை’ என்று எழுதினால் வாசகர் தடுமாறுவார். ‘ஓடில்லாக் கடல் நத்தை’ என்றே இங்கே சொல்லப் போகிறேன். சொல் சற்று நீளம்தான். ஆனால் பொருளில் மயக்கம் இல்லை.

நத்தை என்றாலே முதுகில் வீட்டைச் சுமந்து செல்லும் பிராணி என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கடலில் வாழும் நத்தைகளுள் சில குலத்தார் அந்த வீட்டை வேண்டாமென்று துறந்து விட்டார்கள். சிலர் முற்றும் துறந்த சந்நியாசிகள். அவர்களிடம் ஓடு என்பதே கிடையாது. சிலர் பெயரளவில் துறந்தவர்கள். வெளியே ஓடு தெரியாது, ஆனால் உடலுக்குள்ளே மெல்லிய தகடு ஒன்று ஒளிந்திருக்கும். நமது மெலனோக்லாமிஸ் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

வீட்டை விட்டவன் வேறு பாதுகாப்புத் தேடத்தானே வேண்டும்? அதற்கு இந்த நத்தைகள் செய்திருக்கும் ஏற்பாடுகள் வியப்புக்குரியவை. தலையில் இரு காதுகள் போன்ற கொம்புகளை உடையதால் ‘கடல் முயல்’ என்று பெயர் பெற்ற ஒரு வகை, எதிரி நெருங்கினால் ஊதா நிற மையைக் கக்கி நீரைக் கலக்கி விடும். வேறு சில, உண்டவன் உடனே துப்பி விடும்படியான கசப்பை உடலில் ஏற்றி வைத்திருக்கின்றன. இன்னும் சில, கொட்டும் பிராணிகளைத் தின்று, அவற்றின் கொட்டும் உறுப்புக்களைச் சீரணிக்காமல் தம் தோலுக்குக் கொண்டு வந்து, தமது ஆயுதமாகவே வைத்துக் கொள்கின்றன. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெஸன்ட் நகர்க் கடற்கரையில் நீல நிறத்தில் அழகிய சிறு பிராணிகள் ஒதுங்கிக் கிடந்ததைப் பலர் பத்திரிகைகளில் கண்டிருப்பார்கள். ‘நீல நாகம்’ என்று சொல்லத்தக்க அந்தப் பிராணியும் ஓடில்லாக் கடல் நத்தைதான். கொடிய விஷமுள்ள சொறி வகை ஒன்றை இரையாகத் தின்று, அதன் விஷத்தைத் தன் விரல் போன்ற இறகுகளில் சேமித்து வைக்கும். அழகாயிருக்கிறதே என்று எடுத்துக் கொஞ்சினால் கை எரியும்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

திரௌபதி என்ற பெயரைப் பெற்ற நத்தையிடம் அவ்வளவு பகட்டு இல்லை. உடல் குட்டை, இரு முனையும் மழுங்கிய உருளை வடிவம். முதுகு வழவழப்பானது. முதுகின்மேல் தலைப்புறம் ஒரு கேடயமும் பின்புறம் ஒரு கேடயமுமாக இரண்டு சம அளவான மூடுதோல்கள் உண்டு. இந்தக் கேடயத்தை முன்னிட்டே இதன் கூட்டத்தாருக்குத் ‘தலைக்கேடய நத்தைகள்’ என்று பெயர். மணலைத் துளைத்துக் கொண்டு போகும்போது தலைக்கேடயமே கொழுமுனை போல் உதவுகிறது. நிறம் பழுப்புக் கலந்த கறுப்பு. பின்புற நுனியில் மட்டும் மாணிக்கக் கல் பதித்தாற்போல ஒரு சிவந்த பொட்டு. அந்தப் பொட்டுத்தான் இதன் முக்கிய அடையாளம்.

நீர் வற்றிய வேளையில், ஈரம் காயாத மெல்லிய மணற்பரப்பில் இது ஊர்ந்து செல்கிறது. ஊர்ந்த வழியெல்லாம் நூலிழை போல் ஒரு தடம் விழுகிறது. தேடுபவர் கண்ணில் முதலில் படுவது பிராணி அல்ல, இந்தத் தடமே. ஊரும்போது கண்ணாடி போன்ற கோழையைச் சுரந்து, தன்னைச் சுற்றி ஓர் உறை அமைத்துக் கொள்ளும். அலையில் புரளும் மணற்பருக்கைகள் மெல்லிய உடலை அராவாமல் அந்த உறை காக்கிறது. சாதுவான தோற்றத்தைக் கண்டு ஏமாந்து விடக் கூடாது. இது பிற சிறு பிராணிகளை வேட்டையாடி உண்பது. ஆண் வேறு பெண் வேறு என்பது இதன் இனத்தில் கிடையாது. ஒவ்வொன்றும் அர்த்தநாரீசுவர ரூபமே. நவம்பர் முதல் ஜனவரி வரையில் இனம் பெருக்குகிறது.

இன்னதென்று நிச்சயிப்பது எப்படி?

மேலே சொன்ன அடையாளங்களைக் கண்டவுடன் “இது புது இனம்” என்று சொல்லி விடலாமா? முடியாது. இந்தத் துறையின் உண்மையான உழைப்பு இங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண நத்தையை இனம் பிரிப்பதற்கு இரண்டு பெரிய உதவிகள் உண்டு. ஒன்று, ஓடு. அதன் சுருள், கோடு, வாய், வர்ணம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் இனத்தைச் சொல்லி விடலாம். மற்றொன்று, நாக்கு. நத்தையின் வாயில் அரம் போன்ற ஒரு பட்டை இருக்கிறது. அதில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். அந்தப் பற்களின் வடிவமும் எண்ணிக்கையும் இனத்துக்கு இனம் மாறும். மெலனோக்லாமிஸ் கூட்டத்தாரிடமோ, ஓடு உள்ளே ஒளிந்து சிறுத்துப் போய் விட்டது, அரநாக்கும் இல்லை. இரையை அப்படியே உறிஞ்சி விழுங்குகிறவர்களுக்கு அரம் எதற்கு? ஆக, சாட்சி சொல்ல வேண்டிய இரண்டு பேருமே இந்த வழக்கில் சரிவர ஆஜராகவில்லை.

போதாக்குறைக்கு, அதே கடற்கரைகளில் இதன் நெருங்கிய உறவினர் ஒருவரும் வாழ்கிறார். ‘மெலனோக்லாமிஸ் பெங்காலென்சிஸ்’ என்று அவருக்குப் பெயர். அவரும் இதற்குச் சற்று முன்புதான் அதே வங்காள, ஒடிசாக் கரைகளிலிருந்து இனம் காணப்பட்டவர். மெலனோக்லாமிஸ் கூட்டத்தில் பெரும்பாலான இனங்கள் இந்து மகாசமுத்திரம், பசிபிக் மகாசமுத்திரம் ஆகியவற்றின் மிதவெப்பப் பிரதேசங்களில் வாழ்பவை. வெப்ப நாட்டுக் கடலுக்கே உரியவை என்று சொல்லத்தக்கவை மூன்றுதான்: சயாம் வளைகுடாவில் கண்ட ‘பாபிலாட்டா’, நமது ‘பெங்காலென்சிஸ்’, இப்போது ‘திரௌபதி’. மூன்றில் இரண்டு ஒரே கரையில் கிடைக்கும்போது, புதிதாகக் கண்டது தனி இனமா, அல்லது பழையதிலேயே வயதாலோ நிறத்தாலோ சற்று மாறிய ஒன்றா என்று ஐயம் எழுவது இயல்பே. மாந்தருள்ளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் மாநிறமும் கறுப்பும் இல்லையா?

அந்த ஐயத்தைத் தீர்க்க மூன்று வகைச் சோதனைகள் நடைபெறுகின்றன. முதலாவது, புறத்தோற்றம்: நீளம், நிறம், கேடயங்களின் அளவு, பொட்டு இருக்குமிடம். இரண்டாவது, உள்ளமைப்பு: நெல்மணி அளவுள்ள உடலை உருப்பெருக்கியின் கீழ் அறுத்து, உள்ளோட்டின் வடிவத்தையும் பிற உறுப்புக்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். நமது வீட்டுத் தட்டான் மூக்குத்தியில் கல் பதிப்பதைக் காட்டிலும் நுட்பமான வேலை இது. மூன்றாவது, பரம்பரைப் பொருளாகிய டி. என். ஏ.: உடலின் ஒரு துணுக்கிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையை உறவினங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் தந்த பிறகே தீர்ப்பு. மெலனோக்லாமிஸ் திரௌபதியின் விஷயத்தில் மூன்று சாட்சிகளையும் விசாரித்தே முடிவு சொன்னார்கள்.

தீர்ப்புச் சொன்னால் மட்டும் போதாது. அந்த இனத்தின் மாதிரியாக ஒரு பிராணியை எடுத்து, பதப்படுத்தி, காட்சிசாலையில் நிரந்தரமாக வைக்க வேண்டும். பிற்காலத்தில் எவருக்கேனும் சந்தேகம் வந்தால் அந்த மாதிரியைப் பார்த்துத் தெளிந்து கொள்ளலாம். வர்ணனையையும் படத்தையும் அச்சிட்டு உலகத்தார் முன் வைக்க வேண்டும். ஒரே பிராணிக்கு இருவர் வெவ்வேறு பெயர் இட்டிருந்தால், முதலில் முறையாக அச்சேறிய பெயரே நிற்கும். பிராணிகளைப் பொறுத்தவரையில் இந்தக் கணக்கு, லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துப் பண்டிதரின் நூற்பதிப்பு வெளிவந்த 1758-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

சாராயத்தில் கரைந்த வர்ணம்

இதே வேலை நமது கடல்களில் முற்காலத்தில் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் இன்றைய செய்தியின் அருமை தெரியும்.

ஓட்டுக் கிளிஞ்சல்களைச் சேகரிப்பது எளிது. கழுவி, உலர்த்தி, பஞ்சில் பொதிந்து கப்பலில் அனுப்பினால் லண்டனில் பிரிக்கும்போதும் அப்படியே இருக்கும். ஓடில்லா நத்தையின் கதை வேறு. சாராயத்தில் போட்ட மாத்திரத்தில் அது சுருங்கும், நிறம் வெளுக்கும், சில நாட்களில் வெறும் சதைக்கட்டி ஆகி விடும். உயிரோடிருந்தபோது ரத்தினக் கம்பளம் போல் இருந்ததும், சேற்று நிறத்தில் இருந்ததும் புட்டியில் ஒன்றே போல் கிடக்கும். எனவே, உயிருடன் இருக்கும்போதே வர்ணப் படம் எழுதி வைத்தால் ஒழிய, பிற்பாடு எவராலும் இனம் சொல்ல இயலாது.

இதை நன்குணர்ந்தவர்கள் இருவர். ஒருவர், எட்வர்டு பிரெடரிக் கெலார்ட். இலங்கையிலேயே பிறந்த வைத்தியர். 1850-களில் திருகோணமலைக் கரையில் உயிருள்ள நத்தைகளைக் கண்டு, வர்ணப் படங்களுடன் குறிப்பெழுதினார். 1860-இல் கப்பற் பிரயாணத்தின் நடுவே காலமானார். மற்றவர், சென்னை மாகாணத்து சிவில் உத்தியோகஸ்தரான வால்ட்டர் எல்லியட். அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்களை 1845-இல் தோண்டி எடுத்தவர் இவரே. அந்தச் சிற்பங்களிற் பெரும்பகுதி பிறகு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததைத் தேசாபிமானிகள் அறிவார்கள். அதே எல்லியட் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்ட்டேர் கரையில் ஓடில்லாக் கடல் நத்தைகளையும் சேகரித்தார். படங்களும் எழுதச் செய்தார். படங்களும் புட்டிகளும் இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே ஆல்டர், ஹான்காக் என்ற இரண்டு பண்டிதர்கள் அவற்றைப் பரிசீலித்து, 1864-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் பல புதிய இனங்களை வர்ணித்தார்கள். நமது கடலின் நத்தைகளை, நமது கடலில் அவை உலவக் கண்டிராத இருவர், படத்தையும் புட்டியையும் வைத்துக் கொண்டு பெயரிட்டார்கள்.

அவர்கள் பணியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் வெகு கவனமாகவே செய்தார்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஸர் சார்லஸ் எலியட் என்பவர், நியூகாஸில் நகரத்துக் காட்சிசாலையில் இருந்த கெலார்ட்டின் படங்களையும் ஆல்டர், ஹான்காக் இருவரின் சேகரத்தையும் மீண்டும் ஆராய்ந்து, தென்னிந்திய, இலங்கை நத்தைகளைப் பற்றி 1906-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புட்டியில் இருந்த சதை மங்கி விட்டது. படத்தில் இருந்த வர்ணம் மங்கவில்லை. நமது கடற்கரைகளில் தீட்டிய படங்களே சந்தேகங்கள் பலவற்றைத் தீர்க்க உதவின. ஆயினும், திருகோணமலையில் இருப்பவர் தம் காலடியில் ஊர்வது இன்னதென்று தெரிந்து கொள்ள நியூகாஸிலுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை 1916-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஸ்தாபிதமாயிற்று. இன்று திகாவிலேயே அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. ஒடிசாவில் கோபால்பூரில் ஒன்று இருக்கிறது. சென்னையில் ஒன்று இருக்கிறது. திகாக் கரையில் கண்டதை இந்திய ஆராய்ச்சியாளர்கள் கண்டு, இங்கேயே சோதித்து, நிச்சயித்துப் பெயரிட்டார்கள். சுயராஜ்யம் என்பது கொடி ஏற்றுவதோடு முடிவதில்லை. தன் வீட்டில் உள்ள பண்டங்களின் ஜாபிதாவைத் தானே எழுதத் தெரிந்தவனே வீட்டுக்காரன்.

குன்னத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

“கடலுக்கு வெகு தூரத்தில், கரிசல் காட்டின் நடுவே குன்னத்தில் இருந்து கொண்டு இவர் கடல் நத்தையைப் பற்றி எழுதுவானேன்?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குன்னமே ஒரு காலத்தில் கடலாய் இருந்த இடம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஓடைக்கரையிலும் வயற்காட்டிலும் நத்தை போல் சுருண்ட கற்கள் கிடைக்கும். காரை, ஊட்டத்தூர், கருடமங்கலம், குன்னம் ஆகிய ஊர்களின் பெயர்களைப் பூகர்ப்ப சாஸ்திர நூல்களில் காணலாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே அலையடித்தது. ஹென்றி பிளான்போர்டு இந்தப் பாறைகளை அளந்து 1862-இல் விவரம் வெளியிட்டார். அவருக்குப் பின் ஸ்டொலிக்ஸ்கா என்பவர் இந்தப் பகுதியின் கல்லான கடற்பிராணிகளைப் பற்றிப் பெரிய பெரிய புஸ்தகங்களாக எழுதினார். 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டறிந்தார். கடலுக்குள் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரம் அது.

இங்கே கிடைக்கும் அந்தச் சுருள் கல்லே இனம் காணும் கலைக்கு ஒரு நல்ல பாடம். நத்தை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் அது நத்தை அன்று. உள்ளே அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் இருப்பதைப் பார்த்தால், அது கணவாய்க்கு உறவான ‘அம்மோனைட்’ என்ற பிராணி என்பது விளங்கும். கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் சக்கரமாகக் காண்பதும் இந்தக் கூட்டத்தாரின் சுருளே. வெளித்தோற்றம் ஒன்று சொல்லும். உள்ளமைப்பு வேறொன்று சொல்லும். உள்ளமைப்பின் சொல்லே செல்லும்.

மற்றொரு பாடமும் உண்டு. இந்தப் பாறைகளில் உண்மையான நத்தைகளின் ஓடுகளும் கிடைக்கின்றன. அவற்றில் சில, இன்றைய ஓடில்லாக் கடல் நத்தைகளுக்குப் பங்காளி முறையான ‘ஆக்டியான்’ குடும்பத்தைச் சேர்ந்தவை. ஓட்டைத் துறக்காத பங்காளிகள் கல்லாகி நமக்குக் காட்சி தருகிறார்கள். ஓட்டைத் துறந்தவர்கள் அதே கடலில் இருந்தார்களா, எத்தனை வகையாய் இருந்தார்கள், எந்த வர்ணத்தில் இருந்தார்கள் என்று சொல்ல இந்தப் பாறைகளில் ஒரு சுவடும் இல்லை. மெல்லுடல் மண்ணில் நிற்பதில்லை. இருக்கும்போது எவரேனும் பார்த்துக் குறித்து வைத்தால் உண்டு. இல்லையேல் அப்படி ஒரு ஜீவன் இருந்ததென்பதே இல்லை.

இதனால் என்ன பிரயோஜனம்?

இனி, பணச் செலவைப் பற்றிய கேள்விக்கு வருவோம்.

கடல் முயலின் நரம்பணுக்கள் பிராணி உலகிலேயே மிகப் பெரியவற்றைச் சேர்ந்தவை. சில வெறும் கண்ணுக்கே புலப்படும். எண்ணிக்கையும் ஏறத்தாழ 20,000 தான். இந்த வசதியைக் கண்டு எரிக் காண்டெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நினைவாற்றல் நரம்புகளில் எவ்விதம் பதிகிறது என்பதைக் கடல் முயலைக் கொண்டு ஆராய்ந்தார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நமது குழந்தைகள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்யும்போது தலைக்குள் நடப்பது என்ன என்பதற்கு ஒரு நத்தை விளக்கம் தந்திருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். இந்து மகாசமுத்திரத்தில் மொரீஷியஸ் தீவை அடுத்துச் சேகரித்த ‘டொலபெல்லா’ என்ற கடல் முயலிலிருந்து ‘டொலாஸ்டாடின்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1987-இல் அதன் அமைப்பு வெளியாயிற்று. அதை முன்மாதிரியாகக் கொண்டு உண்டாக்கிய பொருள் ஒன்றைச் சேர்த்துச் செய்த புற்றுநோய் மருந்து, 2011 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வழங்குகிறது. கடல் முயல் அந்தப் பொருளைத் தானே செய்யவில்லை. தான் மேய்ந்த நுண்பாசியிலிருந்து பெற்றது என்று பிறகு தெரிந்தது. எந்த நத்தை எதைத் தின்கிறது என்று பார்ப்பது வேலையற்றவர் வேலை என்று எவர் சொல்ல முடியும்?

ஆயினும், லாபக் கணக்கை மட்டுமே வைத்து இதை நிறுப்பது எனக்குச் சம்மதமன்று. மற்றொரு கணக்கும் இருக்கிறது. சட்டம் எதையும் பெயர் சொல்லித்தான் காப்பாற்றும். கடலட்டைக்குப் பெயர் இருந்தது; அட்டவணையில் ஏறிற்று. பெயரில்லாத பிராணிக்கு எந்த அட்டவணையில் இடம் உண்டு? திகாவோ வருஷம் முழுதும் உல்லாசப் பிரயாணிகள் திரளும் கரை. நெல்மணி நத்தை வாழ்வதோ, அவர்கள் கால் வைக்கும் அதே ஈர மணல். நமது மெரினாவும் வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும் இவ்விஷயத்தில் வேறல்ல. அந்த மணலில் என்னென்ன ஊர்கின்றன என்று எழுதி வைத்திருந்தால்தான், பத்து ஆண்டுகள் கழித்து எது குறைந்தது, எது மறைந்தது என்று சொல்ல முடியும். ஜாபிதா இல்லாத வீட்டில் திருடு போனது தெரியாது.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

விடுமுறையில் குடும்பத்துடன் கடற்கரைக்குச் செல்லும் நேயர்களுக்குச் சில யோசனைகள் கூறி முடிக்கிறேன். மாலை வேளைக் கூட்டத்தில் எதுவும் புலப்படாது. நீர் வற்றியிருக்கும் அதிகாலையில் செல்லுங்கள். அலை வந்து திரும்பிய இடத்தில், மணல் கண்ணாடி போல் பளபளக்கும்போது, குனிந்து மெல்லிய தடங்களைத் தேடுங்கள். தடம் முடியும் இடத்தில் மணலுக்குச் சற்றுக் கீழே அதை இட்ட பிராணி இருக்கும். நண்டின் தடம் புள்ளி புள்ளியாக இருக்கும். நத்தையின் தடம் விட்டுப் போகாத கோடாக இருக்கும். குழந்தைகளின் கண் இதில் பெரியவர்களின் கண்ணை வென்று விடும்.

வர்ணம் பளிச்சென்று இருக்கும் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சிப்பி ஒன்றில் கடல் நீருடன் எடுத்து வைத்துப் பாருங்கள். சுருங்கிக் கிடந்தது நீரில் பட்டதும் விரியும். அப்போதுதான் அதன் உண்மை உருவம் தெரியும். அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் பிடியுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இன்று படப்பெட்டி இல்லாத சட்டைப்பை ஏது? தேதி, வேளை, இடம், மணலா பாறையா பாசியா என்ற விவரம் ஆகியவற்றை உடனே எழுதுங்கள். பிறகு பிராணியை எடுத்த இடத்திலேயே விட்டு விடுங்கள். புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டு வருவதால் உங்களுக்கும் பயனில்லை, அதற்கும் நன்மையில்லை. படமும் குறிப்பும் சரியாக இருந்தால், ஆராய்ச்சி நிலையத்தார் அவற்றைக் கொண்டே பெரும்பாலும் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லி விடுவார்கள். மேற்கொண்டு தேட வேண்டுமானால் எந்தக் கரையில், எந்த மாதத்தில் தேடுவது என்றும் அவர்களுக்குத் தெரிந்து விடும்.

எல்லியட்டும் கெலார்ட்டும் வர்ணக் கிண்ணத்தை வைத்துக் கொண்டு பாடுபட்ட வேலையை, இன்று பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி ஒரு நிமிஷத்தில் செய்து விடலாம். அவளிடம் நாம் வேண்டுவதெல்லாம் மூன்று: குனிந்து பார்க்கும் பொறுமை, கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மை, தெரியாததற்குப் பெயர் சொல்லி விட அவசரப்படாத அடக்கம். இந்த மூன்றையும் கற்றுக் கொடுப்பதற்கு வீடும் பள்ளிக்கூடமும் போதும். கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.